தோட்டத்துச் சாவும் நகரத்து ஈமச்சேவையும்: மலேசியத் தமிழர் இறுதிச்சடங்கு ஏற்பாடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் ஈமச்சடங்கு பற்றி எழுதப்பெற்ற கட்டுரைகள் பெரும்பாலும் சடங்குகளின் பொருளை விளக்குவனவாகவே அமைந்துள்ளன. நீர்மாலை எடுப்பது எதற்கு, வாய்க்கரிசி இடுவது எதைக் குறிக்கும், கொள்ளிக்குடத்தைச் சுமந்து மும்முறை சுற்றி உடைப்பதன் உட்பொருள் யாது என்னும் வினாக்களுக்கு விடைகள் பல கிடைக்கின்றன. ஆனால் அந்தக் குடத்தை வாங்கி வந்தவர் யார், பெட்டியைச் செய்தவர் யார், குழி வெட்டியவருக்குக் கூலி கொடுக்கப்பட்டதா, அக்கூலி எவ்வழியில் வந்தது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை அறிய விழைவோருக்கு இவ்விரண்டாம் வகை வினாக்களே கூடுதலாகப் பயன்தரும் என்பது நம் கருத்து.

இன்று கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு தமிழர் வீட்டில் இறப்பு நேர்ந்தால், குடும்பத்தார் முதலில் செய்வனவற்றுள் ஒன்று ஈமச்சேவை நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைப்பதாகும். எந்த நிறுவனத்தை அழைப்பது, எந்தத் தொகுப்பைத் தெரிவு செய்வது, எத்தனை நாள் உடலை வைத்திருப்பது என்பன அன்றிரவே முடிவு செய்யப்பட வேண்டியவை. இரண்டு தலைமுறைக்கு முன்னர் இம்முடிவுகளுள் எதுவும் குடும்பத்தாரின் கையில் இருந்ததில்லை. இத்தேர்வு எவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உடலை என்ன செய்வது என்பதில் தமிழர்க்கு எக்காலத்திலும் ஒரே வழி இருந்ததில்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் ஆகிய ஐவகை முறைகளும் ஒரே நகரின் ஈமப்புறங்காட்டில் அருகருகே நிகழ்ந்ததாகக் காட்டுகிறது. எனினும் ஒரு குடும்பத்துக்கு உரிய வழியைக் குல வழக்கமும் சமயமும் முன்கூட்டியே வகுத்துவிட்டன. ஆகவே, இன்று புதிதாக வந்திருப்பது முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையன்று; அம்முறையை நடத்தித் தருபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாகும். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்வருவன விளங்கும்.

தோட்டத்துச் சாவு

எம் பாட்டனார் 1988ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் காலமானார். எமக்கு அப்போது எட்டு வயது. விடியற்காலையில் உயிர் பிரிந்தது. பிரட்டுக்குச் சென்றவர்கள் வழியாகச் செய்தி பரவிற்று. பொழுது நன்றாக விடிவதற்குள் தோட்டத்துத் தச்சர் அளவெடுக்க வந்துவிட்டார்; பலகை தோட்டத்துக் கிடங்கிலிருந்து வந்தது. இளைஞர் நால்வர் மண்வெட்டியுடன் இடுகாட்டுக்குப் போனார்கள். பந்தலுக்கு வேண்டிய கழிகளும் தென்னங்கீற்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. கடைக்காரர் வெள்ளைத் துணியும் ஊதுவத்தியும் நல்லெண்ணெயும் அனுப்பிவிட்டுப் பற்றுக் கணக்கில் எழுதிக்கொண்டார். டிரஸர் வந்து பார்த்துத் தாளில் கையொப்பமிட்டார். அதைக் கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்று புதைப்பு அனுமதி வாங்கி வந்தவர் தோட்டத்துக் கிராணி. எம் தந்தையார் அன்று எவரையும் அழைக்கவில்லை, எதற்கும் விலை பேசவில்லை. “அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை அழுததுதான்” என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு.

இவ்வாறு ஏற்பாட்டாளர் ஒருவர் இல்லாமலேயே ஏற்பாடு நடந்து முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொருவர்க்கும் உரிய வேலை முன்னரே பகிரப்பட்டிருந்தமையாகும். கோடித்துணி கொண்டுவருவது சம்பந்தி வீட்டார் கடமை. பங்காளிகள் பாடை கட்டினர். கொள்ளி வைப்பவருக்கு முடி மழிப்பவர், மாற்றுத்துணி தருபவர், முன்னே பறையடித்துச் செல்பவர் எனத் தமிழகச் சிற்றூரின் சாதிவழிக் கடமைகள் கடல் கடந்தும் தொடர்ந்தன. எல்லாச் சாதியினரும் எல்லாத் தோட்டத்திலும் இருக்கவில்லையாதலால் சில கடமைகள் கைமாறின, சில கைவிடப்பட்டன. மலாயாத் தோட்டமொன்றில் களப்பணி செய்து 1970இல் நூல் வெளியிட்ட இரவீந்திர ஜெயின், சாதி வரிசை தளர்ந்தும் மறையாமலும் இருந்த நிலையை விரிவாகப் பதிந்துள்ளார். பறையடிப்பதற்கு மறுக்கும் உரிமை எல்லாக் காலத்திலும் எல்லோருக்கும் இருந்ததன்று. தோட்டத்துச் சாவின் ஒற்றுமையை எண்ணி ஏங்குவோர் இதனை மறந்துவிடக்கூடாது. எம் பாட்டனாரின் சாவில் முன்னே பறையடித்துச் சென்ற முதியவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்றும் அமரவில்லை என்பதை நாம் பிற்காலத்தில்தான் எண்ணிப் பார்த்தோம்.

பிறப்பால் வந்த கடமைகளோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது. அதுதான் மரண சகாய நிதி. எம் தோட்டத்தில் ஓர் இறப்புக்குத் தலைக்கு இரண்டு வெள்ளி என்பது கணக்கு. சம்பளத்திலிருந்து பின்னர்ப் பிடித்துக்கொள்ளப்படும். ஆனால் பணம் அன்று மாலைக்குள் துக்க வீட்டுக்கு வந்துவிடும். இந்நிதி ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட மரபன்று. தோட்டம் என்னும் புதிய வாழ்நிலைக்கேற்பத் தொழிலாளர் தாமே அமைத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு எனலாம். அதன் தேவையை உணர, தொடக்ககாலத் தோட்டங்களின் நிலையை நினைவுகூர வேண்டும். மருத்துவர் மால்கம் வாட்சன் 1911இல் வெளியிட்ட மலேரியா பற்றிய நூல், காடழித்துப் புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் எத்துணை விரைவில் மடிந்தனர் என்பதைக் காட்டுகிறது. கங்காணியோடு தனியாளாய் வந்தவனுக்குப் பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. அவனை அடக்கம் செய்தவர்கள் ஒரே லயத்தில் இருந்தவர்கள். உறவு இல்லாத இடத்தில் உறவின் வேலையைச் செய்ய ஏற்பட்ட இவ்வமைப்பே பின்னாளில் மரண சகாய நிதி என்னும் பெயரில் நிலைத்தது என்று நாம் கருதுகிறோம்.

உடல் இல்லாத சாவுகள்

இந்த அமைப்பு முற்றாகத் தோற்ற காலம் ஒன்றுண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றனர். காலரா, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டனர். காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை.

இங்கே தோட்டத்தில் எஞ்சிய மனைவியர்க்கு உடல் வரவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. நாள் தெரியாமல் எட்டாம் நாள் படையலை எப்போது இடுவது, பதினாறாம் நாள் கருமக்கிரியையை எப்போது செய்வது? தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்பதை முடிவு செய்ய இயலாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களைப் பற்றி எம் பாட்டியார் கூறக் கேட்டிருக்கிறோம். எம் பாட்டனாரின் தமையனும் சென்று திரும்பாதவர்களுள் ஒருவர். 1988இல் எம் பாட்டனாருக்குப் படையல் இட்டபோது பக்கத்தில் இரண்டாவது இலையொன்று போடப்பட்டது. அது யாருக்கு என்று கேட்டதற்குப் “பெரிய தாத்தாவுக்கு, அவருக்கு இன்னும் யாரும் செய்யவில்லை” என்றார் பாட்டியார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்த ஓர் இறுதிச்சடங்கு அது.

சீர்திருத்தக் குரல்

சடங்கைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சி போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. பெரியார் ஈ.வெ.இராமசாமி 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்து சிங்கப்பூர் வரை சுற்றுப்பயணம் செய்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ.சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். சாதி வேற்றுமையை ஒழிப்பதும் திருமணம், ஈமம் ஆகியவற்றின் சடங்குச் செலவைக் குறைப்பதும் இவ்வியக்கத்தார் வலியுறுத்தியவை. புரோகிதர் இல்லாத அடக்கமும், படத்திறப்பும், இரங்கற் கூட்டமும் இவ்வழியில் நம்மிடையே பரவின. இன்றும் தமிழாசிரியர் ஒருவர் மறைந்தால் அவர் பணியாற்றிய பள்ளியைச் சார்ந்தோர் இரங்கலுரை நிகழ்த்துவது இதன் தொடர்ச்சியே.

மற்றொரு புறத்தில் சைவ அன்பர்கள் தேவார, திருவாசகப் பாராயணத்தைத் துக்க வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். வடமொழி மந்திரம் வேண்டாம், ஆயினும் இறைவழிபாடு வேண்டும் என்று எண்ணிய பெரும்பான்மையோர்க்கு இது ஏற்புடையதாயிற்று. சிவபுராணம் ஓதாத இந்துத் தமிழர் இறுதிச்சடங்கு இன்று மலேசிய நகரங்களில் குறைவு எனலாம். பகுத்தறிவாளரும் சைவரும் தத்தம் மேடைகளில் முரண்பட்டிருந்தாலும், துக்க வீட்டில் இருசாராரும் சேர்ந்து செய்த வேலை ஒன்றே: தமிழைச் சடங்கின் மொழியாக்கினர். இவ்வெற்றி யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான் அடுத்த வினா.

தோட்டம் கலைந்த பின்

1950களில் தோட்டத் துண்டாடல், 1969ஐ ஒட்டிய வேலை அனுமதிக் கெடுபிடி, 1980களுக்குப் பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாற்றப்பட்டமை ஆகியவற்றைப் பற்றி ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். இங்கு அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈமம் தொடர்பாக மட்டும் இரண்டு செய்திகளைச் சொல்லலாம்.

முதலாவது, தோட்டத்து இடுகாடு கம்பெனியின் நிலத்தில் இருந்தது. கோயிலைப் போலவே இடுகாடும் வாய்மொழி இசைவில் நிலைத்ததேயன்றி, பல இடங்களில் அரசிதழில் பதிவு பெற்றதன்று. நிலம் விற்கப்பட்டபோது கோயிலுக்காகக் குரல் எழுப்பியவர்கள் இருந்தனர். இடுகாட்டுக்காக எழுப்பியவர்கள் குறைவு. எம் பாட்டனாரைப் புதைத்த இடம் இன்று வீடமைப்புப் பகுதியொன்றின் நீர்த்தேக்கக் குளத்தையொட்டிய மேடாக இருக்கிறது.

இரண்டாவது, தச்சரும் கிராணியும் குழி வெட்டிய இளைஞரும் ஒரே நகரத்துக்குக் குடிபெயரவில்லை. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் வேறு மொழியினர். மின்தூக்கியில் பாடையை இறக்க முடியாது. கூடத்தில் உடலைக் கிடத்தினால் நிற்க இடமில்லை. இறப்புக்குரிய பதிவை 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பதிவிலாகாவில் தாமே செய்துகொள்ள வேண்டும். 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இடுகாடு, சுடலை ஆகியவற்றை அமைக்கும் அதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்கு வழங்கியமையால், மின்சுடலைக்கு அங்கே நேரம் பதிய வேண்டும். (பெயர்தான் மின்சுடலை, பல இடங்களில் எரிப்பது எரிவாயுவோ டீசலோதான். பழைய பெயரே நாளேட்டு அறிவிப்புகளில் நிலைத்துவிட்டது.)

இவ்வெற்றிடத்தை நிரப்பியவரே ஈமச்சேவை நிறுவனத்தார். தொடக்கத்தில் சிறுநகரத் தமிழர் சீனர் கடைகளிலேயே பெட்டி வாங்கினர். பூமாலை கட்டியவர், வேன் ஓட்டியவர், பந்தல் நாற்காலி வாடகைக்கு விட்டவர் எனத் தமிழருள் சிலர் மெல்ல மெல்ல மற்றப் பொருள்களையும் சேர்த்துத் தர முன்வந்ததை எம் தந்தையார் தலைமுறையினர் நினைவுகூர்வர். 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ உள்ளிட்ட நாளேடுகளின் கண்ணீர் அஞ்சலிப் பக்கங்களை ஆண்டு வரிசையில் புரட்டினால், இல்ல முகவரி தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறுவதையும், நல்லடக்கம் என்னும் சொல் இருந்த இடத்தில் தகனம் என்னும் சொல் பெருகுவதையும் காணலாம். இவ்வறிவிப்புகளைத் தரவாகக் கொண்டு நம் மாணவர் எவரேனும் முறையாக ஆய்தல் வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழரின் நிலை இதனின்று ஓரளவு வேறானது. அங்கே தோட்டம் கலைந்ததைவிட நிலப் பற்றாக்குறையே பெருங்காரணம், முடிவெடுத்தது அரசு. இந்துக்களுக்கும் தனிப்பகுதி இருந்த பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டு, 2001 முதல் 2006 வரையில் கல்லறைகள் அகழப்பட்டன. மவுண்ட் வெர்னன் எரியூட்டு நிலையம் 1962இலும் மண்டாய் எரியூட்டு நிலையம் 1982இலும் திறக்கப்பட்டன. 1998 முதல் சுவா சூ காங்கில் புதைக்கப்படும் உடலுக்குப் பதினைந்து ஆண்டுகளே தவணை. ஆதலால் இடத்தைப் பற்றிய தேர்வு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு மிகக் குறைவு. எஞ்சியிருப்பது சேவையாளரைப் பற்றிய தேர்வு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நாள் துக்கம், மறுநாள் மண்டாய் என்னும் ஒழுங்கு அங்கே வேரூன்றிவிட்டது. சீனர் ஈமச்சடங்கையும் அதைச் சூழ்ந்த தொழிலையும் பற்றி தோங் சீ கியோங் 2004இல் வெளியிட்டதைப் போன்ற நூலொன்று தமிழர் பற்றியும் எழுதப்பட வேண்டும்.

விலைப்பட்டியல்

2017ஆம் ஆண்டில் எம் தந்தையார் கிள்ளானில் காலமானார். இரவு பதினொரு மணிக்கு எம் கையில் மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியல் இருந்தது. மிகக் குறைந்தது மூவாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்; மிகுந்தது ஒன்பதாயிரம். ஈமம் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும் நமக்கு அவற்றுள் எதைக் கொள்வது என்று தெரியவில்லை. மூன்றையும் ஒப்பிட இயலாதவாறு ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் மின்சுடலைக் கட்டணம் அடங்கும், மற்றொன்றில் அடங்காது. ஒன்றில் அஸ்தி கரைக்கப் படகு உண்டு. பதினாறாம் நாள் இல்லை. உடலைப் பதப்படுத்துவது தனிச்செலவு. தம்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டியிருந்தமையால் அது தவிர்க்க முடியாததாயிற்று. மாலைக்குள் அடக்கம் என்பது தோட்டத்தில் மரபு என்று நாம் எண்ணியிருந்தோம். பதப்படுத்தும் வசதியோ குளிர்ப்பெட்டியோ இல்லாததும் அம்மரபுக்கு ஒரு காரணம் என்பது அன்றிரவுதான் எமக்கு உறைத்தது.

இரண்டாவது நிறுவனத்தைத் தெரிவு செய்தோம். காரணம் விலை அன்று. தொலைபேசியில் பேசிய பெண், நாம் கேட்பதற்கு முன்னரே, எவையெவை தொகுப்பில் அடங்கா என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். இறப்புப் பதிவை யார் செய்வது, ஓதுவாரை யார் அழைப்பது, மின்சுடலையில் எத்தனை மணிக்கு இடம் கிடைக்கும் என்பவற்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. தோட்டத்துக் கிராணியின் வேலையை இவர் செய்கிறார் என்று நமக்குத் தோன்றிற்று.

அவர் பின்னர்க் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. “உங்களுக்கு எந்த முறைங்க சார்?” என்றார். புதைப்பதா எரிப்பதா என்று கேட்கிறார் என எண்ணி, எரிப்பது என்றோம். “அது இல்லைங்க. சடங்கு எந்த முறையில செய்யணும்?” என்றார் மறுபடியும். பக்கத்திலிருந்த பெரியப்பா தொலைபேசியை வாங்கி, தாழ்ந்த குரலில் ஒரு சொல் சொன்னார். எம் தந்தையார் தம் வாழ்நாளில் எம்மிடம் ஒருமுறையும் உச்சரிக்காத சொல் அது. தம் பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் அவர் அதை எழுதியதில்லை. எம் திருமணத்தின்போது அதைக் கேட்டவரிடம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவர். அவர் உடல் பிரேதக் கிடங்கில் இருந்த இரவில் அது ஒரு படிவத்தில் எழுதப்பட்டது.

அப்பெண்ணைக் குறை கூறுவதற்கில்லை. முறை மாறினால் துக்க வீட்டில் பெரியவர்கள் சண்டையிடுவார்கள், அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம் என்று அவர் பின்னர் விளக்கினார். அது உண்மையும் கூட. தோட்டத்தில் ஒவ்வொருவர் உடலிலும் வேலையிலும் ஒட்டியிருந்த சாதி, அவ்வேலைகள் எல்லாம் கூலிக்கு மாறிய பின்னரும் படிவத்தில் ஒரு கட்டமாக எஞ்சியிருக்கிறது. பறையடித்தவரை விடுதலை செய்த சந்தை, கேட்டவருக்குக் கேட்டதைத் தருவது. கேட்பவர் யார் என்பதுதான் சிக்கல். இறந்தவர் என்ன விரும்பினார் என்பது எழுத்தில் இல்லாதபோது, துக்க வீட்டில் வயதில் மூத்தவரின் நினைவே முறையாகிவிடுகிறது.

அதேபோன்று, சடங்கின் வரிசையை அறிந்தவர் இன்று குடும்பத்துள் இல்லை. எம் தந்தையாரின் சடங்கில் எப்போது எழுந்து நிற்பது, எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதை நிறுவனம் அனுப்பிய இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரே சொன்னார். பெரியப்பாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சீர்திருத்தக்காரரும் சைவ அன்பரும் இரு தலைமுறைக் காலம் போராடித் தமிழில் அமைத்த சடங்கைக் காப்பவர்கள் இப்போது இவர்களே. இவர்களுக்குப் பாடநூல் இல்லை. முன்னோர் இருவர் மூவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். நம் துறையோ ஆசிரியர் சங்கங்களோ இவர்களோடு அமர்ந்து பேசியதாக நாம் அறியோம்.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியம் அறுபது வயதுக்குள் இறக்கும் உறுப்பினரின் குடும்பத்துக்கு 2,500 ரிங்கிட் மரண உதவி வழங்குகிறது. பெர்கேசோவிலும் ஈமச்செலவுக்கான உதவி உண்டு. ஆனால் இவை விண்ணப்பித்த பின்னர் வருவன. நிறுவனத்துக்கு முன்பணம் அன்றிரவே வேண்டும். மரண சகாய நிதியின் சிறப்பு அதன் தொகையில் இல்லை, மாலைக்குள் வந்ததில் இருந்தது. சில குடியிருப்புகளில் கோயில் வழியாகவோ நலச்சங்கத்தின் வழியாகவோ இந்நிதியை மீண்டும் நடத்துவோர் உள்ளனர். அவர்கள் தனியே ஆராயப்பட வேண்டியவர்கள்.

மேளமும் கொள்ளியும்

சந்தை எல்லாவற்றையும் ஒரே திசையில் கொண்டு செல்லவில்லை என்பதற்கு உறுமி மேளம் சான்று. ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்டுச் சிலர்மேல் சுமத்தப்பட்ட தோற்கருவி இசையை, இன்று நகரத்து இளைஞர் பலர் சாதி பாராது குழுவாகச் சேர்ந்து, சீருடை அணிந்து வாசிக்கின்றனர். திருவிழாவுக்கும் போகின்றனர், துக்கத்துக்கும் போகின்றனர். துக்க வீட்டில் ஆட்டமும் மதுவும் மிகுகின்றன என்னும் குறைகூறல் நாளேடுகளில் அவ்வப்போது எழுவது மெய்யே. ஆயினும் எம் பாட்டனாரின் சாவில் திண்ணையில் அமராத முதியவரையும், எம் தந்தையாரின் சாவில் வாசித்து முடித்து எங்களோடு ஒரே மேசையில் தேநீர் குடித்த இளைஞரையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அக்குறைகூறலுக்கு நாம் முழுமையாக உடன்பட இயலவில்லை.

2020, 2021ஆம் ஆண்டுகளின் கோவிட் பெருந்தொற்று இம்மாற்றத்தின் எல்லையைக் காட்டியது. அவ்விரு ஆண்டுகளில் நாட்டில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். உடல் மருத்துவமனையிலிருந்து நேரே சுடலைக்குப் போயிற்று. நெருங்கிய உறவினர் சிலர் மட்டும் விலகி நின்று பார்த்தனர். நீர்மாலையும் இல்லை, வாய்க்கரிசியும் இல்லை. பாதுகாப்பு உடை அணிந்த ஈமச்சேவைப் பணியாளரே பெட்டியின்மேல் கற்பூரம் ஏற்றினர், மகனின் இடத்தில் நின்று. சம்பளத்துக்கு வந்தவர் என்று அவர்களைச் சொல்லிவிட முடியுமா என்பது நம் ஐயம். பங்காளி இல்லாத தனியாளை லயத்தில் இருந்தவர்கள் தூக்கிச் சென்றதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

பெண்கள் சுடலைக்கு வருவது இப்போது இயல்பாகிவிட்டது. இடுகாட்டு வழி நடைவழியாக இருந்த வரையில் அவர்கள் வாசலோடு நின்றனர். ஊர்தியும் மின்சுடலை மண்டபமும் வந்தபின் அத்தடை பெரும்பாலும் பேச்சின்றியே நீங்கிற்று. மகள் கொள்ளி வைத்ததையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் படிவங்கள் அவ்வளவு விரைவாக மாறவில்லை. எம் தந்தையாருக்கு நெய்ப்பந்தம் எத்தனை வேண்டும் என்று கேட்டபோது, “பேரன் எத்தனை பேர்?” என்றே கேட்டனர். மூன்று என்றோம், மூன்று வந்தது. பேத்திகள் ஐவர் சுவரோரம் நின்றனர். அவர்களுள் மூத்தவளுக்கு அன்று பதினான்கு வயது.

எம் தாயாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த மறுவாரம், பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் தம் இறுதிச்சடங்குக்கான குறிப்புகளை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு எங்களுக்குக் காட்டினார். எந்த நிறுவனம் என்பது முதல் வரியில் இருந்தது. தந்தையாருக்குச் செய்த அதே நிறுவனம். எரிக்க வேண்டும், ஒரு நாளைக்குமேல் வைத்திருக்க வேண்டாம், ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி வர இயலாவிட்டாலும் பரவாயில்லை. சிவபுராணம் முழுவதும் பாட வேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது. ‘முறை’ என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். அதற்குக் கீழே: நெய்ப்பந்தம் 8.